சிறகுச் சிங்கத்தின் வால்

டப்ளின் சீமாட்டிகளுக்குக் கழுத்துச் சுளுக்கு வருகிறதென்றால் காரணம் ஹானோரா டெம்ப்ஸி. அவள் வரைந்த உட்கூரைகளை அண்ணாந்து பார்த்தே பாதிப் பேர் படுக்கையில் விழுந்துவிட்டார்கள். ரோமாபுரி இடிந்ததே இவளுக்கு வரைய மாதிரி வேண்டும் என்றுதான்.

போதும். வயிற்றெரிச்சலோடு இதற்கு மேல் புகழ வராது.

எங்கள் வரைவுக்கூடத்துக்கு வருமுன் மிட்டாய்க் கடையில், விருந்து மேசைகளுக்குச் சர்க்கரையால் கோயில் கட்டிக்கொண்டிருந்தவள் அவள். வந்து எட்டு மாதம். நான் மூன்று வருடம். இருந்தும் லேடி கில்பிரைடின் அலங்கார அறைக்கு ஆளுக்கொரு கூரை வரையச் சொன்னார் முதலாளி. சீமாட்டிக்கு யாருடையது பிடிக்கிறதோ, அவருக்கு வடக்கு ஜன்னலோர மேசை. மூன்று குளிர்காலமாக நான் கண் வைத்திருந்த வெளிச்சம் அது.

கூரையில் கால் பங்கைத்தான் வரைவோம். சுதை வேலைக்காரர்கள் அதையே நாலு மூலைக்கும் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். ஒரு கோணல் விழுந்தால் நாலு கோணல். மதியம் அவள் வெளியே போனதும், அவளுடைய சிறகு முளைத்த சிங்கத்தின் வாலை அழித்து, பன்றி வாலாகச் சுருட்டி வைத்தேன்.

மறுநாள் காலை அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஃபின்ட்டன், ஜன்னல் எனக்குக் கெடச்சா நீயும் ஸ்டூலப் போட்டுக்கடா. ரெண்டு பேருக்கு எடமிருக்கு."

"ஒன் தாராளத்த நீயே வச்சுக்க, மிட்டாய்க்காரி!"

அவள் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டை எடுத்துவர உள்ளே போனாள். வாசலில் சீமாட்டியின் வண்டி வந்து நின்றது. எனக்கு என்ன வந்ததோ, சாப்பிட வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துப் பன்றி வாலைத் தேய்த்து அழித்தேன். அந்த இடத்தில் என் வாழ்நாளிலேயே சிறந்த வாலை வரைந்தேன்.

தாளின் ஒரு மூலையில் சேரும் இரண்டு ஓரங்களிலும் ஹானோரா கண்ணாடி நிறுத்தினாள். கால் கூரை முழுக் கூரையானது. நாலு சிங்கம், நாலு வால்.

"இதுதான்!" என்றாள் சீமாட்டி. என் தாளை அவள் கையால்கூடத் தொடவில்லை. அந்த வால் என்னுடையது என்று கத்தலாம்போல் இருந்தது.

சீமாட்டி போனதும் ஹானோரா தன் வரைபலகையை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"நல்ல வாலுடா."

"எந்த வாலு?"

"நிழல் கோடெல்லாம் இடப்பக்கமா சாயுது. இந்தக் கூடத்துல இடக்கைக்காரன் நீ ஒருத்தன்தான்."

நான் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"பன்னி வாலும் அப்படித்தான் சாஞ்சிருந்துச்சு. நேத்தே பாத்துட்டேன். நீயா அழிக்கிறியான்னுதான் விட்டு வச்சேன். முழிக்காத, போய் ஸ்டூல எடுத்துட்டு வா."