சின்னப் புல்லி

இரணியல் பக்கத்தில் பெமிலாவின் வீட்டு வாசலில், உறை போட்டு மூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. கத்தாரில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஜெனித் கொச்சியில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தது. அவனுக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் லீவு. மிச்ச நாளெல்லாம் அதற்குக் காவல் பெமிலா. வீட்டில் வேறு ஆளில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. காலையில் வீடியோ காலில் வருவான். அவள் உறையை உருவி, சாவியைத் திருகி, போனை இஞ்சின் பக்கம் பிடிக்க வேண்டும். கால் மணி நேரம் ஓடவிட வேண்டும் என்பது உத்தரவு. அந்தக் கால் மணி நேரமும் பேச்சுதான். மழை பெய்ததா, தேங்காய் வெட்டியாச்சா, நீ சாப்பிட்டியா. மற்ற நாளில் மூச்சு விடமாட்டான். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? கட்டிய மனைவியிடம் பேச, பாவி மனுஷனுக்கு ஒரு கார் உறும வேண்டியிருந்தது.

போன லீவில் அவன் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனான். இஞ்சினில் பெல்ட் ஓடும் பெரிய சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை மாட்டினான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும், இஞ்சினுக்குச் சுமை குறையும், வண்டி பறக்கும் என்றான். கன்னியாகுமரி வரைக்கும் பறந்தும் காட்டினான். அவன் போன பிறகு, வாரத்துக்கு வாரம் வண்டி ஸ்டார்ட் ஆக முக்கியது. ஒரு வியாழக்கிழமை அவள் பயந்துபோய் முன்கூட்டியே சாவியைத் திருகிப் பார்த்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாளைக்கு இது ஓடாவிட்டால் அவன் எதற்குக் கூப்பிடப் போகிறான்?

வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கிருஷ்ணமணியை வரவழைத்தாள். அவர் வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"மக்களே, சின்ன புல்லி போட்டா ரோட்டுல வெரட்டி ஓட்டணும். அப்பதான் சார்ஜ் ஏறும். இப்பிடி நிப்பாட்டி வச்சு ஓடவிட்டா, ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்டுகூட திரும்பி ஏறாது, கேட்டியா?"

"எனக்கு ஸ்கூட்டிதான் அண்ணா ஓட்டத் தெரியும்."

"அப்போ பேட்டரி வயர கழத்திப் போட்டுரு. அவன் வந்து மாட்டிக்கிடட்டு."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்ணா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிருஷ்ணமணி ஒரு கணம் திகைத்துவிட்டார்.

பழைய புல்லியும் அதன் பெல்ட்டும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. எடுத்துக் கொடுத்து மாட்டச் சொன்னாள். ஜெனித்துக்குத் தெரியக்கூடாது என்று கெஞ்சினாள். அவர் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி, மறுநாள் விடிந்ததும் மாட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீடியோ காலில் ஜெனித் பார்த்துக்கொண்டிருக்க, சாவியைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. போன வாரம் அது ஸ்டார்ட் ஆக முக்கியது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"சார்ஜ் மீட்டர காட்டு ஏட்டி... அடேயப்பா! சின்ன புல்லி போட்டா சார்ஜ் ஏறாதுன்னு இங்க எல்லாவனும் கேலி பண்ணினானுவ. சும்மா நின்னு ஓடும்போதே ஏறுது பாத்தியா!"

அவன் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து!

"நீங்க சாப்பிட்டியளா?"

"ஆங், ஆச்சு. ஏட்டி, இவ்வளவு சார்ஜ் நிக்கும்போ இனி வாராவாரம் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். நீயும் பாவம், எதுக்கு மெனக்கெடணும்? மாசத்துக்கு ஒருக்கா போதும். அடுத்த மாசம் கூப்பிடுதேன், என்ன?"

"எனக்கு ஒரு மெனக்கேடும் இல்ல, நீங்க வாராவாரம்..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.