மீன் படத் தாள்களும் ஒரு எச்சரிக்கைக் கடிதமும்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் நான் வேலை செய்த அச்சுக்கூடத்துக்கு ஒருநாள் பெட்டி பெட்டியாகச் சரக்குத் திரும்பி வந்தது. எல்லாம் நான் அடித்த மீன் படத் தாள்கள். அந்தத் தாளைத் துணியில் கவிழ்த்து அயன் பெட்டியால் அழுத்தினால் கறுப்புக் கோட்டுப் படம் துணிக்கு மாறும். பிள்ளைகள் உள்ளே நிறம் தீட்டுவார்கள். கோடு தடித்து நிற்பதால் நிறம் வெளியே ஓடாது. இவற்றிலோ பாதிக்கோடு தாளோடேயே நின்றுவிட்டது. வாங்கியவர்களின் துணியில் நிறம் கண்டபடி ஓடியதாம்.

பிழை என்னுடையது அல்ல. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

தாளில் அடித்த மையைச் சூட்டு அடுப்புக்குள் விட்டு முக்கால் வேக்காட்டில் எடுக்க வேண்டும். மிச்சம் துணியில் வேகும். முழுக்க வெந்த மை துணியைப் பிடிக்காது. நான் விரல் வைத்துத்தான் பார்ப்பேன்: பிசுக்கு இருக்க வேண்டும், விரலில் கறுப்பு வரக்கூடாது. அடுக்கும்போது தாள்கள் ஒட்டுகின்றன என்று எங்கள் மைஸ்டர், அதாவது பகுதிப் பொறுப்பாளர், சூட்டைக் கூட்டிவிட்டார். குறைக்கப் போன என் கையையும் தட்டிவிட்டார்.

இப்போது அதே மனிதர், எல்லாம் என் கவனக்குறைவு என்று எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

பக்கத்து மெஷினில் நின்ற மலர் அக்காதான் எனக்கு ஜெர்மன் மொழியான டொச்சை மொழிபெயர்ப்பவர். அவரே பயந்துவிட்டார்.

"வைச்சிட்டுப் பேசாமல் இரு பிள்ளை. உன்ர வேலைப் பெர்மிட் இந்தக் கொம்பனியின்ர பேரில கிடக்கு. நிப்பாட்டினா அகதிகள் தங்கிற ஹைமில சும்மா குந்தியிருக்க வேண்டியதுதான்."

"செய்யாத பிழைக்கு ஏலாது அக்கா. முதலாளியம்மாவை வரச் சொல்லுங்கோ."

எனக்குப் பயத்தைவிடக் கோபம் கூட.

முதலாளியம்மா வந்தார். புதிதாக அடித்த ஒரு தாளை என் சூட்டிலும் இன்னொன்றை மைஸ்டரின் சூட்டிலும் விட்டு எடுத்தேன். இரண்டையும் வெள்ளைத் துணிகளில் அழுத்தி, அவர் கையிலேயே தூரிகையைக் கொடுத்தேன். என் மீனுக்குள் சிவப்பு அடங்கி நின்றது. மற்ற மீனுக்கு வாலே இல்லை, சிவப்பு துணி முழுக்கப் பரவியது.

"சூட்டை ஆர் கூட்டினதெண்டு கேக்கிறா," என்றார் மலர் அக்கா. நான் மைஸ்டரைக் கைகாட்டினேன்.

முதலாளியம்மா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார்.

"என்ர கண்ணுக்கு முன்னால கிழிக்கச் சொல்லுங்கோ அக்கா."

கிழித்தார். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை.

இன்று வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெர்மிட்டுக்குப் பயந்து அடுத்தவன் பிழையைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒருமுறை சுமந்தால் பிறகு எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்த கிழமை மைஸ்டர் மறுபடியும் சூட்டைக் கூட்ட வந்தார். பேனாவை நீட்டினேன்.

"கூட்டினது நீங்களெண்டு எழுதித் தாங்கோ," என்றேன், உடைந்த டொச்சில்.

அவர் பேனாவையும் தொடவில்லை, சூட்டையும் தொடவில்லை.