மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை

காஜா பேராங்கில் பூங்காவனத்திடம் பால் வாங்காதவர்கள் இரண்டு வகை: பாலே குடிக்காதவர்கள், அவளிடம் வாயைக் கொடுத்துத் தோற்றவர்கள். நான்கு மாடுகளுக்கும் புல் அறுப்பது கணவன் வேலை. பேசுவது அவள் வேலை. புதிதாக யாராவது குடிவந்தால் விலை பேசமாட்டாள். முதல் நாள் பாலைச் சும்மா ஊற்றிவிட்டு, "காச்சிப் பாருங்க. ஆடை கட்டலைன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சைக்கிளை மிதித்துவிடுவாள்.

ஐம்பத்தேழாம் வருஷ ஜனவரி. மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு இன்னும் எட்டு மாதம். தமிழோ ஆங்கிலமோ மலாயோ, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. எப்படி முடிவு செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பூங்காவனத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "பொறப்புப் பத்திரம் நாளைக்குக் கொண்டாரேன்" என்று சொல்லியே மகள் சிவகாமசுந்தரியை மூன்று பள்ளிகளிலும் பதிந்தாள். பள்ளிக்கு ஒரு நாளாகப் பிள்ளையை அனுப்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை தமிழ்ப்பள்ளி. பாட்டு நன்றாக இருந்ததாம். மூன்று வகுப்பும் ஒரே அறையில் ஆளுக்கொரு பாட்டுப் பாடியதாம். செவ்வாய், ஆங்கிலப் பள்ளி. படம் போட்ட புத்தகம், தலைக்கு மேல் மின்விசிறி. தண்ணீர் கேட்டால்தான் யாருக்கும் புரியவில்லையாம். புதன்கிழமை மலாய்ப் பள்ளி. வீட்டிலும் மலாயே பேசும் கம்போங் செட்டிப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. வாத்தியாரம்மாவுக்கே பதில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வியாழன் காலை கல்வி இலாகா குமாஸ்தா ஜெயபாலன் மூன்று பட்டியல்களோடு மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"இது என்னக்கா, ஒரே பிள்ள மூணு ஸ்கூல்ல?"

"பாத்து எடுக்கச் சொன்னீங்க, பாத்தேன். பாக்காம எப்படிலா எடுக்கிறது?"

"பன்னண்டு மணிக்குள்ள ஒண்ணு சொல்லணும். இல்லேன்னா மூணுலயும் பேர அடிச்சிடுவாங்க. பிள்ள ஒரு வருஷம் வீட்டுலதான்."

ஒரு வருஷம் என்றால் என்னவென்று பூங்காவனத்துக்குத் தெரியும். புக்கிட் ரம்பாய்ப் பக்க ரப்பர்த் தோட்டத்தில், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு வருஷம் என்றுதான் அவளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அந்த வருஷம் இன்னும் முடியவில்லை. கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்.

சங்கதி தெரிந்து, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் கலியாணசுந்தரம் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். முதல் வகுப்பு நடத்தப் பதினைந்து பிள்ளைகள் வேண்டும், சிவகாமசுந்தரி இல்லாமல் அவரிடம் பதினான்கு.

"பூங்காவனம், நம்ம மொழி வாழணும்மா. உன் மக வந்தா வகுப்பு நடக்கும்."

"நல்லா வாழட்டும் ஐயா. எனக்கு ஒரு சந்தேகம். உங்க பெரிய பையன் வெள்ளக் கால்சட்ட போட்டு எந்த ஸ்கூல் பஸ்சுல ஏறுது? தெனம் பால் ஊத்தறப்ப பாக்குறேனே."

ஜெயபாலன் பட்டியலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அவன் விஷயம் வேற..." என்றார் கலியாணசுந்தரம்.

"சரி, விடுங்க. சின்ன மக ருக்மணிக்கும் என் மக வயசுதான். அது எங்க?"

பதில் ஜெயபாலனிடமிருந்து வந்தது. "இங்கிலீஷ் ஸ்கூல் லிஸ்ட்ல இருக்கு, அக்கா."

தமிழ்ச் சங்க மேடையில் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசக்கூடிய மனிதர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாடு கழுத்துமணியை ஆட்டியது. மணி பதினொன்றரை.

"ஐயா, நான் படிக்காதவ. மூணு ஸ்கூலும் பாத்துட்டேன், மூணுலயும் ஒரு நல்லது இருக்கு, ஒரு கொற இருக்கு. எது ஒசத்தின்னு படிச்ச நீங்கதான் சொல்லணும். பேசிச் சொல்ல வேணாம், எழுதிச் சொல்லுங்க. ருக்மணி பேர எங்க எழுதுறீங்களோ, அதுக்குக் கீழ என் மக பேரும் ஏறட்டும். தமிழா, தமிழ். இங்கிலீஷா, இங்கிலீஷ்."

கலியாணசுந்தரம் வானத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். கடைசியில் ஜெயபாலனிடம் பேனாவை வாங்கி, ஒரு பட்டியலில் மகள் பெயரை அடித்தார். இன்னொன்றில் அழகான தமிழில் எழுதினார். அதன்கீழ் சிவகாமசுந்தரியின் பெயர் ஏறியது, பக்கத்தில் பூங்காவனத்தின் கட்டைவிரல் ரேகையும். பதினைந்து கேட்ட வகுப்புக்குப் பதினாறு.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர் நகராமல் நின்றார்.

"வீட்டுல... ருக்மணி அம்மாகிட்ட இன்னும் சொல்லலையே" என்றார், மெதுவாக.

"நீங்க ஏன் ஐயா கஷ்டப்படணும்?" என்றாள் பூங்காவனம், கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்தபடி. "விடிகாலை பால் ஊத்தறப்ப நானே சொல்லிடறேன்."