வாடைக் காற்றில் மூன்று வீச்சு

எஞ்சினியரிங் கடைசி வருஷப் பொங்கல் லீவு. சிதம்பரம் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் வீடு கடலூர் டவுனில், செம்மண்டலம். அவளுடையது அதே ஊர்க் கடற்கரையில், சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள்ளேயே வந்து சொன்னாள்: "அப்பா வேணாங்கறாருடி."

சென்னையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சேருகிறேன் என்று திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். அவள் அப்பாவோ, "அந்த ஊர்ல தனியா என்னா பண்ணுவ?" என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிட்டார். அவர் காதுகொடுத்துக் கேட்பது ஒருவர் சொல்லைத்தான். இவளுடைய அண்ணன் சொல்லை.

எதையும் வரிசைப்படுத்திச் சொன்னால் வேலை நடக்கும் என்று நம்புகிறவள் நான். அண்ணனை உட்காரவைத்து ஆரம்பித்தேன். முதலாவது, கம்பெனியே பெண்களுக்கு ஹாஸ்டல் பார்த்துக் கொடுக்கிறது. இரண்டாவது, இங்கேயே திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நேரே சென்னை. மூன்றாவதைச் சொல்வதற்குள் அவர் எழுந்துபோய், சுவரில் தொங்கிய வீச்சு வலையை எடுத்துத் தங்கச்சி தோளில் போட்டார்.

"வாடைக் காத்துல ஒரு போட்டும் போவல. வீட்ல மீனு இல்ல. கரையில நின்னு மூணு தடவ வீசு. குழம்புக்கு ஆவுற மாதிரி கெழங்கான் வந்துச்சின்னா, சாப்புடும்போது அப்பாகிட்ட நானே பேசறேன்."

"வரலன்னா?"

"வாய மூடிக்கினு இங்கயே டியூஷன் எடு."

கிழங்கான் விரல் நீளத்துக்கு இருக்கும், வெள்ளியாக மின்னும். அலை உடைந்து மணலில் ஏறும் இடத்தில்தான் மேயும். கரையில் நின்றே பிடிக்கலாம், காற்று விட்டால். அன்று காற்று விடவில்லை. என் துப்பட்டா கழுத்தில் நிற்காமல் பின்னால் பறந்தது. பேசினால் வாய்க்குள் மணல்.

அவள் சின்ன வயசில் வீசிப் பழகியவள். கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, வலையில் பாதியை முழங்கையில் போட்டு, ஈயக்குண்டு கோத்த ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி வீசினாள். வலை போன வேகத்திலேயே திரும்பி வந்து அவள் முகத்தில் அப்பியது.

"ஒண்ணு," என்றார் அண்ணன். கணுக்கால் தண்ணீரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

இரண்டாவது வீச்சில் வலை விரியவே இல்லை. பிழிந்த புடவை மாதிரிச் சுருண்டு விழுந்தது.

"ரெண்டு. ஏன் இஞ்சினியரம்மா, ஒங்க காலேஜ்ல காத்துக்குப் பாடம் கெடையாதா?"

எனக்குச் சுருக்கென்றது. பாடம் இருந்தது. அதில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. நாங்கள் அதன் முகத்திலேயே வீசிக்கொண்டிருக்கிறோம்.

"காத்துக்கு முதுகக் காட்டுடி," என்றேன்.

"அதுக்குக் கடலுக்குள்ள போயில்ல நிக்கணும்!"

"போ."

அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடல்ல நின்னுக்கினு ஊரப் பாத்து வலை வீசற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

"தள்ளிக்கோண்ணா!"

"நீ வீசு. நான் இங்கதான் நிப்பேன்."

வீசினாள். காற்று வலையைத் தூக்கி, குடையை விரிப்பது போல் முழு வட்டமாக விரித்தது. அத்தனை அழகான வட்டத்தை நான் எந்த டிராயிங் வகுப்பிலும் போட்டதில்லை. விழும் தூரத்தை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. வலை நேராகப் போய் அண்ணன் தலையில் இறங்கியது.

அவர் ஒரு கையை உதற, ஈயக்குண்டுகள் காலைச் சுற்றின. காலை எடுக்க, சட்டைப் பட்டன் வலைக் கண்ணியில் மாட்டியது. பொத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தார். அவள் கயிற்றை விடாமல் கரையேறி இழுத்தாள்.

"இழுக்காதடி! சட்ட கிழியுது!"

"மீனு பெருசா இருக்குடி, வா, வந்து புடி!" என்று என்னைக் கூப்பிட்டாள். நானும் ஓடிப்போய்ப் பிடித்தேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கையில் பலமே இல்லை.

"நான் கணக்குல வர மாட்டேன்," என்றார் வலைக்குள்ளிருந்து. "குழம்புக்கு ஆவுற மீனுன்னுதான் சொன்னேன்."

அப்போதுதான் அவர் மடியில் ஏதோ துள்ளியது. அடுத்து முழங்காலில். அவர் காலடியில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் அவரோடு சேர்ந்து மாட்டியிருந்தது. கரைக்கு இழுத்துப் போட்டபோது, அண்ணனைச் சுற்றிக் கிழங்கான் பளபளவென்று குதித்தது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"மொதல்ல என்னைக் கழட்டுங்க. பேசறேன்."

பேசினார். குழம்பு கொதித்து இறங்கி, அப்பா தட்டில் மூன்றாவது மீனை எடுத்தபோது ஆரம்பித்தார். நானும் அவளும் அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டோம். வேலையைப் பற்றிச் சொல்வார் என்று பார்த்தால், அவர் கரையில் நடந்ததைச் சொன்னார். தான் தண்ணீரில் உட்கார்ந்ததையும் விடவில்லை.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "இந்தக் காத்துலயா?"

"ஆமாம்பா."

"திரும்பி நின்னு வீசினாளா?"

"என் தலையிலயே."

அப்பா ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். என் கையைப் பிடித்திருந்தவளின் பிடி இறுகியது.

"வலை கிழிஞ்சிச்சா?"

"இல்லப்பா. என் சட்டதான்."

"சரி, சென்னைக்கே போவட்டும்," என்றார் அப்பா. "இன்னும் ரெண்டு மீனு போடச் சொல்லு."

நான் எதற்கும் சத்தம் போடாத பெண் என்று ஹாஸ்டலில் பேர் வாங்கியவள். அன்று அந்த அடுப்படியில் முதலில் கத்தியது நான்தான்.