அம்பாசிடருக்குப் புது விசிறி

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை என்னுடையது. கல்லாவில் உட்கார்ந்து விற்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், விற்கிற பொருளை என் கையாலேயே மாட்டிப் பார்ப்பதும் என் பழக்கம். அதனால் ராசிபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் வெகுகாலம் நின்றிருந்த பழைய மார்க் டூ அம்பாசிடரை வாங்கியபோது மெக்கானிக் யாரையும் தேடவில்லை. என் வீட்டுக்காரர் தமிழாசிரியர். கிரீஸ் என்றால் பத்தடி தள்ளி நிற்பார். ஆனால் டார்ச் பிடிக்கச் சொன்னால் கை ஆடாமல் பிடிப்பார். எனக்கு அது போதும்.

எனக்கு அண்ணன் ஒருவர் சேலத்தில் இருக்கிறார். அவரிடமும் ஒரு பழைய கார் உண்டு. அதில் ஒரு திருகாணிகூட மாறியிருக்காது. சேலத்தில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூடி ஏற்காடு போய்வருவது வழக்கம். நானும் வருகிறேன் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். கூடவே, மலையேறுவதற்கு முன் இரண்டு புதுச் சாமான் மாட்டப் போவதையும் சொன்னேன். தீப்பொறி கொடுக்கும் பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் கிட். பெல்ட்டில் ஓடும் விசிறிக்குப் பதில் மோட்டாரில் ஓடும் விசிறி.

"ஏன் அம்மிணி, இருக்கறத ஏன் கெடுக்கறே?" என்றார் அண்ணன். "ஒரிஜினலா இருந்தாத்தான் அதுக்கு மரியாத."

"எனக்கு இது தெனமும் ஓடோணும்ணா. பாயிண்டத் தேச்சுத் தேச்சு எத்தன நாளைக்கு ஓட்டறது?"

அவர் போனை வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

கிட்டைப் பிரித்து எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உட்காரும் இடம் அச்சாகப் பொருந்தியது. ஒயரைக் கொடுக்கப் போனபோதுதான் பேட்டரியைக் கவனித்தேன். இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இந்தக் காரில் பிளஸ் முனை. அந்தக் காலத்து வழக்கம் அது. அப்படியே இணைத்திருந்தால் சாவியைத் திருப்பிய உடனே கிட் கருகியிருக்கும்.

பயம் வரவில்லை. ரிக் கம்ப்ரசரின் ஒயர்களோடு எத்தனையோ வருடம் மல்லுக்கட்டியவள் நான். பேட்டரியைத் திருப்பி வைத்தேன், காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும் புதுத் திசைக்குப் பழக வேண்டும். அதற்கு பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து டைனமோவின் முனையில் நொடி நேரம் தொட்டு எடுத்தால் போதும். தொட்டேன். சின்னதாக ஒரு பொறி பறந்தது. வீட்டுக்காரர் கையிலிருந்த டார்ச் முதல்முறையாக ஆடியது.

"ஒண்ணும் ஆகலைங்க. நேராப் புடிங்க" என்றேன்.

சாவியைத் திருப்பினேன். முன்பெல்லாம் இருமி, முனகி, மனசு வைத்த பிறகு கிளம்பும் எஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது. சத்தத்தில் இடறலே இல்லை. விசிறியையும் மாட்டி வாசலிலேயே வெகுநேரம் ஓடவிட்டேன். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் போகவில்லை. கை கழுவிவிட்டு வந்து அண்ணனுக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கெழம வாரேன்ணா" என்றேன்.

சங்ககிரி வழியாகச் சேலம் வரை வண்டி வெண்ணெய் மாதிரி வந்தது. அடிவாரத்தில் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு மலைப்பாதையில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, இரண்டாவது கியருக்கு இறங்கியதும் முள் நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினேன். எஞ்சினை அணைக்கவில்லை. கொதிக்கும்போது சட்டென்று நிறுத்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

பின்னால் வந்த அண்ணனும் நிறுத்திவிட்டு இறங்கினார். அவரோடு வந்தவர்களும் கூடினார்கள்.

"நாஞ் சொன்னேனில்ல அம்மிணி. பழைய விசிறி இருந்திருந்தா இந்நேரம் மேல போயிருப்பே."

விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் ஒழுகவில்லை. பிறகு எதனால் சூடு ஏறுகிறது? பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். தண்ணீர் பாட்டிலோடு முன்பக்கம் போய் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க வந்து நில்லு புள்ள. அனல் மூஞ்சியிலயே அடிக்குது."

போய் நின்றேன். காருக்கு முன்னால், கிரில் வழியாகச் சூடான காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. அது வரக் கூடாத இடம். முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டிய விசிறி, பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. பேட்டரியைத் திருப்பி வைத்த நான், விசிறிக்கு ஒயர் கொடுக்கும்போது பிளஸ்தான் பாடியில் என்ற பழைய ஞாபகத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. வண்டி நிற்கும்போது காற்று எந்தப் பக்கம் போனாலும் ரேடியேட்டர் ஓரளவு ஆறிவிடும். அதனால் வாசலில் தெரியவில்லை. சமவெளியின் வேகத்தில் எதிர்க்காற்றே போதுமாக இருந்தது. மலையில் மெதுவாக ஏறும்போது எதிரே வரும் காற்றும் விசிறியின் காற்றும் முட்டிக்கொண்டு, இரண்டும் பயனில்லாமல் போயிருந்தன.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"என்னாச்சு?" என்றார் அண்ணன்.

"விசிறி தப்பாச் சுத்துதுங்ணா. ரெண்டு ஒயர மாத்தோணும், அவ்வளவுதான்."

டிக்கியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து, சுற்றியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றினேன். வீட்டுக்காரரின் கைக்குட்டையை வாங்கி கிரில் முன்னால் பிடித்தேன். துணி கையிலிருந்து இழுபட்டு கிரில்லில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முள்ளும் இறங்கியது. அண்ணன் குனிந்து அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து தன் காருக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் எங்கும் நிறுத்தவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது முள் பாதியில் நின்றிருந்தது. ஏரிக்கரையில் எல்லோருக்கும் டீ வந்தது. பிறகு கார்களைப் பார்த்து மதிப்பிட்டு, அண்ணன் காருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அச்சு மாறாத வண்டி அது. அவருக்குக் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். என் காரின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர் புது விசிறியைக் கண்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

அண்ணன் டீ கிளாஸோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வண்டி ஏறிருச்சு. ஒத்துக்கறேன். ஆனா இத நான் அம்பாசிடருன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்ணா. கூப்பிட்ட எடத்துக்கு வந்தாப் போதும்."

அவரும் சிரித்துவிட்டார். எங்கள் கருத்து இன்றுவரை மாறவில்லை. அவர் மாதத்தில் ஒருநாள் காரை வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப உறை போட்டு மூடிவிடுவார். நானோ ஏற்காடு போய்வந்த மறுநாள் காலையிலேயே கம்ப்ரசர் சாமான்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பினேன். லோடு இறக்கிய இடத்தில் ரிக் முதலாளி ஒருவர் காரைச் சுற்றி வந்து, விற்பதற்கா என்று கேட்டார்.

"இல்லைங்க. ஓட்டறதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு சாவியைத் திருப்பினேன்.