ட்ரியாஜ் மேசையில் ஒரு தங்கை

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்காரும் நர்ஸுக்குக் ‘கதவு சிஸ்டர்’ என்று பெயர். யார் வைத்ததோ, அவர் வெகுநேரம் வெளியே காத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். வருகிறவர்களின் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சட்டையில் ஒரு சீட்டைக் குத்துவது அவள் வேலை. சிவப்பு உடனே உள்ளே போகும். மற்றவை பெஞ்சில்.

இந்த வேலைக்கு ட்ரியாஜ் என்று பெயர். பிரெஞ்சில் பொறுக்கிப் பிரிப்பது என்று பொருளாம். ஆட்டுக் கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் தரம் பிரிப்பதற்குச் சொன்ன சொல், பிறகு போர்க்களத்தில் அடிபட்டுக் கிடந்தவர்கள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். மேசைக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. காப்பிக்கொட்டை, தனக்கு முன்னால் இன்னொன்று எப்படிப் போயிற்று என்று சண்டைக்கு வராது. ஒருமுறை பிரித்தால் பிரித்ததுதான். மனிதர்களோ உட்கார்ந்த இடத்திலேயே தரம் மாறுகிறார்கள். சீட்டு குத்தியவர்களையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததில் அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது.

அன்று மதியம் தங்கை, புருஷனைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, ஏணியிலேர்ந்து விழுந்துட்டாரு.”

“ஏணிக்கு ஒண்ணும் ஆகல அண்ணி,” என்றார் மாப்பிள்ளை, இடது விலாவைப் பிடித்தபடி.

நாடி, அழுத்தம், மூச்சு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உயரத்திலிருந்து விழுந்தவர் என்பதால் மஞ்சள் குத்தினாள்.

“மஞ்சளா? உன் வீட்டு மனுஷன்க்கா!”

“உக்காரு. வந்து பாக்கறேன்.”

“பின்கட்டு ரூம்ல இருக்கறப்ப மட்டும் நாங்க சொந்தம், இல்ல?”

கல்யாணம் நிலைக்காமல் போன நாளிலிருந்து அவள் இருப்பது தங்கை வீட்டின் பின்கட்டு அறையில். சாயங்காலம் திரும்பிப் போக வேறு கதவு கிடையாது. அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மறுசுற்று வந்தபோது மாப்பிள்ளை பேச்சை நிறுத்தியிருந்தார். நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது, நாடி வேகமாக ஓடியது, அழுத்தம் இறங்கியிருந்தது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது. மஞ்சளைப் பிய்த்துச் சிவப்பைக் குத்தி ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தாள். காலியாகியிருந்த ஒரே கட்டில், கை நசுங்கிக் காத்திருந்த லாரிக்காரருக்கு என்று வைத்தது; அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள்.

லாரிக்காரர் எழுந்தே விட்டார். “இப்பதான் புரியுது. சொந்தக்காரன்னா சிவப்பு, எங்களுக்கு மஞ்சளா?”

இதற்கு என்ன சொன்னாலும் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டிருந்த தங்கைதான் திரும்பினாள். “சொந்தம்னு பாத்தாளா இவ? பாத்திருந்தா என் புருஷனை இவ்வளவு நேரம் உக்கார வெச்சிருப்பாளா, பாவி?”

லாரிக்காரர் அவளையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

தங்கை உள்ளே போய்விட்டாள். ஏசியதுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் கதவு சிஸ்டருக்காக யாராவது சொன்ன சாட்சி அது ஒன்றுதான். முன்பே உள்ளே விட்டிருந்தால் இவ்வளவு ரத்தம் போயிருக்காதோ என்பது அவளுக்கே தெரியாது. மாப்பிள்ளையைக் கொண்டுபோன அறுவை அறையிலிருந்து இன்னும் செய்தி இல்லை. லாரிக்காரரின் கைக்கட்டு நனைந்திருந்தது. புதுத் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.