தப்பு எங்கே என்று கேட்டார் செய்யது

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஓர் இசைப் போட்டி. சொந்தமாக மெட்டுப் போட்டு மேடையில் வாசிக்க வேண்டும். நடுவர்களில் ஒருவனாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இசை பற்றி நாலு பத்தி எழுதினால் போதுமே... நடுவர் ஆக்கிவிடுவார்கள்!

ஏழாவது பெயர் செய்யது, மேலப்பாளையம். சக்கர நாற்காலியில் அவரை மனைவி ரஹ்மத் தள்ளிக்கொண்டு வந்தார். வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவராம். கழுத்துக்குக் கீழே அசைவில்லை.

இவர் எதை வாசிக்கப் போகிறார்?

ரஹ்மத் ஒரு லேப்டாப்பை அவர் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு இறங்கிவிட்டார். மேடைத் திரையில் பெரிய பெரிய வண்ணக் கட்டங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஒலி. செய்யது தலையை லேசாகத் திருப்பினார். லேப்டாப் கேமரா அவர் மூக்கு நுனியைக் கவனிக்கிறது. மூக்கு போகும் பக்கம் அம்புக்குறி போகிறது. ஒரு கட்டத்தில் கணநேரம் நின்றால்... டங்! முதலில் ஒரு தாளம். அது திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் குழல். அப்புறம் வயலின்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான்.

பக்கத்து நடுவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில், "பாவம்வே... முதல் பரிசையே குடுத்துருவோம்" என்றார். மேசை மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்டது!

செய்யது முகம் மாறிவிட்டது. நேரே என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பாவம் பாத்து ஒண்ணும் தர வேண்டாம். வாசிச்சதுல தப்பு எங்கன இருக்கு? அதைச் சொல்லுங்க."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கையிலிருந்த குறிப்புத் தாளைப் பார்த்தேன். அத்தனை நேரமும் நான் அவர் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முன்னால் வாசித்த ஆறு பேருக்கும் நுணுக்கி நுணுக்கிக் குறிப்பு எழுதியிருந்தேன். செய்யது பெயருக்கு எதிரே — வெறும் காகிதம். இரண்டு காதும் நன்றாக இருக்கிற ஆள் நான்!

"மன்னிச்சிருங்க. நான் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ வாசிப்பீங்களா?" என்றேன்.

"கழுத்து வலிக்கும்லா..." கீழிருந்து ரஹ்மத் பதறினார்.

"இருக்கட்டும் புள்ள. பைய வாசிக்கேன்."

இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டது. குழல் வந்து சேரும் இடத்தில் உடம்பு சிலிர்த்தது. ஆனால் நடுவில் தாளம் இழுத்தது. முடிவு சட்டென்று அறுந்தது. சொன்னேன்... தயங்கித் தயங்கித்தான்.

"அதான்! எனக்கும் அந்த எடத்துல சந்தேகந்தான்" என்று முதல் தடவையாகச் சிரித்தார் செய்யது. "கை நல்லா இருந்த காலத்துல நான் ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்ல அண்ணாச்சி. இப்பந்தான் படிக்கேன். வீட்டுக்கு வாறவன் பூரா மாஷா அல்லாஹ், அருமைன்னு சொல்லிட்டுப் போயிருதான். தப்பச் சொல்ல ஆள் வேணும்லா?"

அவருக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. இரண்டாவதாவது தந்திருக்க வேண்டும் என்று நேற்றுகூடப் போனில் என்னோடு சண்டை போட்டார்.

போடட்டுமே... நடுவரோடு சண்டை போடாத கலைஞன் உண்டா என்ன?